ஊரறியக் கேட்கும் கேள்வி: நியூயார்க் நகர வானொலியின் கதை

2017 ஜூன் 2, வெள்ளிக்கிழமை. பாரிஸ் பருவநிலை ஒப்பந்தத்திலிருந்து அமெரிக்கா விலகுவதாக அதிபர் டிரம்ப் அறிவித்த மறுநாள். நியூயார்க் மேயர் பில் டி பிளாசியோ வழக்கமான வெள்ளிக்கிழமை வானொலி நிகழ்ச்சியில் பேசிக்கொண்டிருந்தார். அதிபர் கைவிட்டாலும் எங்கள் நகரம் அந்த ஒப்பந்தத்தைக் கைவிடாது என்பது அன்றைக்கு அவருடைய பேச்சு. அப்போது ஒரு நேயர் தொலைபேசியில் வந்தார். மேயர் மன்ஹாட்டனில் உள்ள அரசு இல்லத்திலிருந்து காலையில் கிளம்பி, புரூக்ளினில் தன் பழைய பேட்டையான பார்க் ஸ்லோப்பில் இருக்கும் உடற்பயிற்சிக் கூடத்துக்குப் பெரிய கார்கள் புடைசூழப் போய் வருவது ஊருக்கே தெரிந்த கதை. பருவநிலை மீது இவ்வளவு அக்கறை உள்ளவர் அந்தப் பழக்கத்தை விட்டுவிடக் கூடாதா என்று அந்த நேயர் கேட்டார். மேயருக்கு எரிச்சல் வந்துவிட்டது. தன் வாழ்க்கை மற்றவர்களுடையதைப் போல இல்லை, கொள்கைதான் முக்கியம், இப்படிப்பட்ட மலிவான அடையாளச் செயல்களால் ஒன்றும் ஆகாது என்ற பொருளில் பதில் சொன்னார். அடுத்த நாள் பத்திரிகைகளுக்கு அந்தப் பதிலே செய்தி.

கேட்டவர் நிருபரில்லை, எதிர்க்கட்சி உறுப்பினருமில்லை. காலை பத்து மணிக்கு வானொலிக்கு ஒரு அழைப்பு விடுக்க நேரம் கிடைத்த சாதாரணக் குடிமகன். எண்பது லட்சத்துக்கும் அதிகமானவர்கள் வாழும் நகரத்தின் மேயர், செயலாளரும் பாதுகாவலரும் குறுக்கே நிற்க முடியாத ஓர் இடத்தில், ஊரே கேட்டுக்கொண்டிருக்கும்போது அவருக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. நழுவினால் நழுவியதும் ஊருக்குத் தெரியும். இந்த ஏற்பாடு எங்கிருந்து வந்தது, யார் காசில் நடக்கிறது என்று பார்த்தால், ஒரு நகராட்சி தானே தொடங்கி, தானே பயன்படுத்தி, தானே விற்றுவிட்ட வானொலி நிலையத்தின் கதைக்குள் போக வேண்டியிருக்கிறது.

நிலையத்தின் பெயர் டபிள்யூ.என்.ஒய்.சி. பண்பலையில் 93.9, மத்திய அலையில் 820. விளம்பர வருமானத்தை நம்பாத பொது வானொலி. வார நாட்களில் காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை பிரையன் லெரர் என்பவர் தொகுத்து வழங்கும் உரையாடல் நிகழ்ச்சிதான் அதன் முதுகெலும்பு. 1989-ல் வேறொரு பெயரில் தொடங்கி, பின்னால் அவர் பெயருக்கே மாறி, மொத்தம் முப்பத்தைந்து ஆண்டுகளைத் தாண்டி ஓடிய நிகழ்ச்சி இது. இதற்குள்தான் மேயர் டி பிளாசியோ தன் பதவிக்காலத்தின் பெரும்பகுதியில் வெள்ளிதோறும் வந்து நேயர்களின் கேள்விகளுக்குப் பதில் சொன்னார்.

கேட்டவர்களுக்குத் தெரியும், லெரர் குரலை உயர்த்துகிறவர் அல்லர். அமெரிக்க வானொலியில் அரசியல் பேச்சு என்றாலே தொண்டை கிழியக் கத்துவது என்று பெயர் எடுத்துவிட்ட காலத்தில், இவர் எதிராளி சொன்னதை அவரே ஒப்புக்கொள்ளும்படி திருப்பிச் சொல்லிவிட்டு, அதன் பிறகு அடுத்த கேள்வியைப் போடுகிறார். ஒலிபரப்புத் துறையின் 2007-ம் ஆண்டுக்கான பீபடி விருது இந்த நிகழ்ச்சிக்குக் கிடைத்தபோது, மக்களைப் பிரிக்காமல் ஒரு சமூகமாகச் சேர்க்கும் வானொலி என்பதுதான் விருதுக் குழுவின் பாராட்டு. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அவர் அழைப்பு விடுக்கும் விதம். ‘இது பற்றி உங்கள் கருத்து என்ன’ என்று பொத்தாம்பொதுவாகக் கேட்பது அபூர்வம். இன்று பேசப்போவது டாக்சி உரிமக் கடன் பற்றி என்றால், டாக்சி ஓட்டுகிறவர்கள் மட்டும் அழையுங்கள் என்பார். முதியவர்களை வீட்டில் பராமரிக்கும் வேலை பற்றி என்றால், அந்த வேலை செய்கிறவர்களையும் அவர்களை அமர்த்தியவர்களையும் அழைப்பார். கருத்துக்குப் பஞ்சமில்லாத ஊரில் அனுபவத்தைத் தேடிப் பிடிக்கும் உத்தி அது.

தொலைபேசியை எடுக்கும் தயாரிப்பாளர் அழைப்பவரின் பெயர், எந்தப் பேட்டை, என்ன சொல்லப் போகிறார் என்ற மூன்றையும் குறித்து ஸ்டூடியோவுக்குள் அனுப்புகிறார். ஒலிபரப்பில் அழைப்பவரின் முதல் பெயரும் பேட்டையும் மட்டும் சொல்லப்படும். ஆஸ்டோரியாவிலிருந்து ஒருவர், ஃபிளாட்புஷ்ஷிலிருந்து ஒருவர், பிராங்ஸிலிருந்து ஒருவர் என்று இரண்டு மணி நேரம் கேட்டால் நகரத்தின் வரைபடம் காதுக்குள் விரிந்துவிடும். வாடகை பற்றிய ஒரே கேள்விக்கு மன்ஹாட்டனிலிருந்து வரும் பதிலும் குயின்ஸிலிருந்து வரும் பதிலும் ஒன்றாக இருப்பதில்லை. பேட்டையின் பெயரைச் சொன்ன மாத்திரத்தில், கேட்பவர்களுக்குப் பேசுகிறவரின் நிலைமை பாதி புரிந்துவிடுகிறது.

பேசப்படும் விஷயங்களும் பெரும்பாலும் பேட்டை விஷயங்கள்தான். நியூயார்க்கில் வாடகைக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட வீடுகள் ஏறத்தாழ பத்து லட்சம். அவற்றின் வாடகையை எத்தனை சதவீதம் உயர்த்தலாம் என்பதை ஒரு வாரியம் ஆண்டுதோறும் கோடையில் வாக்கெடுத்து முடிவு செய்கிறது. தெருவைப் பெருக்க வசதியாகக் காரை எந்தக் கிழமை எந்தப் பக்கம் நிறுத்தக் கூடாது என்று தெருவுக்குத் தெரு விதி இருக்கிறது. பண்டிகை நாட்களில் அதற்கு விலக்கு உண்டு, அந்தப் பட்டியலில் தீபாவளியும் இருக்கிறது. மன்ஹாட்டனில் 60-வது தெருவுக்குத் தெற்கே கார் ஓட்டி வந்தால் பகல் நேரத்தில் 9 டாலர் நெரிசல் கட்டணம் என்பது 2025 ஜனவரி 5-ல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு ஏழு மாதம் முன்னால் மாநில ஆளுநர் கேத்தி ஹோகல் அதை நிறுத்திவைத்ததும், பிறகு கட்டணத்தைக் குறைத்துத் தொடங்கியதும் அந்த ஊரில் மாதக்கணக்கில் ஓடிய வாக்குவாதம். நடைபாதையில் குப்பைப் பைகளை மலைபோலக் குவித்து எலிகளுக்கு விருந்து வைக்கும் பழக்கத்தை மாற்றி மூடியுள்ள தொட்டி வைக்கச் சொன்னபோது, தொட்டியை எங்கே வைப்பது என்று கிளம்பிய வாதங்களும் அப்படித்தான். வெளியூர்க்காரருக்கு இவை அற்பம். அங்கே குடியிருப்பவருக்கு வாழ்க்கையே இவைதான்.

புகார் சொல்ல அந்த ஊரில் வேறு வழி இல்லாமல் இல்லை. 311 என்ற எண் 2003-ல் மேயர் புளூம்பெர்க் காலத்தில் வந்தது. தெருவிளக்கு எரியவில்லை, பக்கத்து வீட்டில் சத்தம், சூடேற்றும் கருவி வேலை செய்யவில்லை என்று எதற்கும் அழைக்கலாம்; புகார் எண் கொடுப்பார்கள். ஆனால் அந்தப் புகார் அழைத்தவருக்கும் அலுவலகத்துக்கும் இடையே பிறந்து அங்கேயே முடிந்துவிடுகிறது. அதே குறையை வானொலியில் சொன்னால், தனக்கும் இதே நிலைதான் என்று இன்னும் நாலு பேர் அழைக்கிறார்கள். மாவட்டம் முழுக்க இப்படித்தான் என்று தெரிந்துவிட்ட பிறகு, அது ஒரு வீட்டின் பிரச்சினை என்று அதிகாரியால் தள்ளிவிட முடியாது.

இதை லெரரின் குழு ஒரு விளையாட்டைப் போலவே சோதித்துப் பார்த்தது. 2007-ல் நேயர்களுக்கு ஒரு வேலை கொடுத்தார்கள்: உங்கள் பேட்டைக் கடைக்குப் போய் ஒரு குவார்ட் பால், ஒரு ஐஸ்பெர்க் லெட்யூஸ் கீரைப் பந்து, ஆறு புட்டிகள் கொண்ட குறிப்பிட்ட பீர் ஆகிய மூன்றும் என்ன விலை என்று பார்த்துச் சொல்லுங்கள். வந்த விலைகளை வரைபடத்தில் குறித்தபோது, ஒரே நகரத்தில் ஒரே பொருளுக்கு எத்தனை விலை என்பது கண்ணுக்குத் தெரிந்தது. 2010 டிசம்பரில் பெரும் பனிப்புயல் அடித்து, மன்ஹாட்டனுக்கு வெளியே பல தெருக்கள் நாட்கணக்கில் பனி அள்ளப்படாமல் கிடந்தபோதும், எந்தத் தெரு திறந்திருக்கிறது, எது மூடிக் கிடக்கிறது என்று நேயர்களிடமே கேட்டு நிலையம் வரைபடம் போட்டது. இன்னொன்றையும் சொல்லிவிடலாம். 17 ஆண்டுகளுக்கு ஒருமுறை மண்ணிலிருந்து கிளம்பும் சிள்வண்டுகள் 2013-ல் வர இருந்தன. 8 அங்குல ஆழத்தில் மண்ணின் வெப்பம் 64 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் அவை மேலே வரும் என்பதால், நேயர்கள் வீட்டிலேயே செய்துகொள்ளக்கூடிய சிறு வெப்பமானிக் கருவிக்கு நிலையம் செய்முறை வெளியிட்டது. ஆட்கள் தோட்டத்தைத் தோண்டிக் கருவியைப் புதைத்து அளவு அனுப்பினார்கள். வானொலி நிலையத்துக்கு இது தேவையில்லாத வேலை என்று சொல்லலாம். என் கணக்கில், வாடகை வாரியத்தைப் பற்றிப் பேச அழைக்கும்போது தயங்காமல் அழைக்கும் பழக்கம் இப்படிப்பட்ட வேலைகளில்தான் வருகிறது.

இனி நிலையம் பிறந்த கதை. 1920-களின் தொடக்கத்தில் நகரத்தின் கட்டுமானத் துறை ஆணையராக இருந்தவர் குரோவர் வேலன். நகரத்துக்கே சொந்தமாக வானொலி வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவர் அவர். புதிய கருவி வாங்குவது பெரும்பாடாக இருந்ததால், 1922-ல் ரியோ டி ஜெனீரோவில் நடந்த பிரேசில் நூற்றாண்டுப் பொருட்காட்சியில் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனம் பயன்படுத்திய பழைய ஒலிபரப்புக் கருவியைக் கப்பலில் வரவழைத்தார்கள். 1924 ஜூலை 8 இரவு, மன்ஹாட்டன் நகராட்சிக் கட்டடத்தின் உச்சி மாடியிலிருந்து மேயர் ஜான் ஹைலன் பேச, ஒலிபரப்பு தொடங்கியது.

ஹைலனுக்கு இது கையில் கிடைத்த வரமாக இருந்தது. பத்திரிகைகள் அவரைத் தாளித்துக்கொண்டிருந்த நேரம். நகரத்தின் வானொலியை எடுத்துக்கொண்டு எதிரிகளுக்குப் பதிலடி கொடுக்க ஆரம்பித்துவிட்டார். ஓர் ஆண்டுக்குள் குடிமக்கள் அமைப்பு ஒன்று நீதிமன்றத்துக்குப் போய், வரிப்பணத்தில் நடக்கும் நிலையத்தை மேயர் சொந்தப் பிரசாரத்துக்குப் பயன்படுத்தத் தடை வாங்கியது. நிலையம் பிறந்த வேகத்திலேயே அதன் பிறவிக் குறையும் தெரிந்துவிட்டது. ஒலிவாங்கி மேயரின் மேசையில் இருந்தால், அது மேயருக்காகத்தான் பேசும்.

இதே குறையின் இனிமையான வடிவம் ஃபியோரெல்லோ லா கார்டியா. 1934-ல் மேயரானபோது செலவை மிச்சப்படுத்த நிலையத்தை மூடிவிடும் எண்ணத்தோடு வந்தவர், ஆராயக் குழு போட்டு, மூட வேண்டாம் என்று அந்தக் குழு சொல்லவும் மனம் மாறி, பிறகு அந்த வானொலியின் ஆகப் பெரிய நட்சத்திரமாகவே ஆகிவிட்டார். போர்க்காலத்தில் ஞாயிறு மதியம் நகர மன்றக் கட்டடத்தில் உள்ள தன் அறையிலிருந்து நேரடியாக மக்களோடு பேசுவார். பங்கீட்டு அட்டையில் என்ன கிடைக்கும், சந்தையில் எந்தக் காய் மலிவு, எந்த மீன் வாங்கலாம், சூதாட்டக்காரர்களை எப்படித் துரத்தப் போகிறேன் என்று எல்லாம் வரும். ‘பொறுமையும் மனவுறுதியும்’ என்று சொல்லி முடிப்பது வழக்கம். 1945 ஜூலையில் பத்திரிகை விநியோகத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து, குழந்தைகளுக்கு ஞாயிற்றுக்கிழமைச் சித்திரக்கதை கிடைக்காமல் போனபோது, மேயரே ஒலிவாங்கி முன் அமர்ந்து டிக் டிரேசி கதையை ஏற்ற இறக்கத்தோடு, அடிதடிச் சத்தங்களோடு படித்துக் காட்டினார். அந்தக் காட்சியின் படச்சுருள் இன்றும் கிடைக்கிறது. பார்த்தால் அந்த மனிதரைப் பிடிக்காமல் போகாது. ஆனாலும் அது ஒருவழிப் பாதை. மேயர் பேசினார், ஊர் கேட்டது. யாரும் திருப்பிக் கேட்க வழி இல்லை.

அந்தக் காலத்திலேயே மறுதிசையில் ஒரு முயற்சி நடந்திருக்கிறது. 1938-ல் புதிதாக அமைந்த நகர மன்றத்தின் கூட்டங்களை நிலையம் அப்படியே நேரடியாக ஒலிபரப்பியது. உறுப்பினர்கள் ஒருவரையொருவர் வைவதும், ஒழுங்குப் பிரச்சினை கிளப்பியே மணிக்கணக்கில் இழுத்தடிப்பதும் வீட்டுக் கூடத்தில் வந்து விழ, நாடகம் பார்ப்பதுபோல ஊர் கேட்டு ரசித்தது. மன்றத்தார் 1940-ல் ஒலிபரப்பையே நிறுத்திவிட்டார்கள். நடத்தையைத் திருத்திக்கொள்வதைவிடக் கம்பியை அறுப்பது எளிது என்பது எந்த ஊர் மன்றத்துக்கும் தெரிந்த வழிதான்.

நகராட்சி நிலையமாக இருந்ததில் நன்மையே இல்லை என்று சொன்னால் அது அநியாயம். கலைப் பக்கம் அந்த நிலையம் செய்தவை மற்ற வானொலிகள் கனவிலும் நினைக்காதவை. இசைத்தட்டில் செவ்வியல் இசையை ஒழுங்கான நிகழ்ச்சியாக வழங்குவதை 1929-லேயே தொடங்கியது. 1940 முதல் ஒவ்வொரு பிப்ரவரியிலும் லிங்கன் பிறந்தநாளிலிருந்து வாஷிங்டன் பிறந்தநாள் வரை அமெரிக்க இசையமைப்பாளர்களுக்கென்றே விழா எடுத்தது. சிறையிலிருந்து வந்து நாட்டுப்புறப் பாடல்களால் புகழடைந்த கறுப்பினப் பாடகர் லெட்பெல்லிக்கு, நிறவெறி கோலோச்சிய அந்த நாற்பதுகளில் தனி நிகழ்ச்சியே இருந்தது. 1945 டிசம்பரில் ஆஸ்கர் பிராண்ட் என்பவர் தொடங்கிய நாட்டுப்பாடல் நிகழ்ச்சி, அவர் 2016-ல் இறக்கும்வரை ஓடியது. ஒரே தொகுப்பாளர் நடத்திய மிக நீண்டகால வானொலி நிகழ்ச்சி என்று கின்னஸ் ஏட்டில் ஏறியது. பிராண்ட் சம்பளம் வாங்கவில்லை. சம்பளம் வாங்காதவரை யாரும் அதட்ட முடியாது என்பது அவர் கணக்கு. ஐம்பதுகளில் கம்யூனிஸ்ட் என்று முத்திரை குத்தப்பட்டு மற்ற நிலையங்களின் கதவு அடைக்கப்பட்ட பாடகர்களுக்கு அவர் நிகழ்ச்சியில் இடம் கிடைத்தது. 1961-ல் பாப் டிலன் என்ற இருபது வயது இளைஞன், யாருக்கும் பெயர் தெரியாத நாட்களில், அங்கே வந்து பாடிவிட்டுப் போனான்.

எழுபதுகளில் நகரமே திவாலாகும் நிலைக்கு வந்தது. 1975 நெருக்கடியில் ஆசிரியர்களையும் காவலர்களையும் வேலையிலிருந்து அனுப்பிய நகராட்சிக்கு வானொலி ஆடம்பரமாகத் தெரிந்ததில் வியப்பில்லை. நேயர்களிடம் நன்கொடை வாங்குவதற்காக 1979-ல் தனி அறக்கட்டளை ஒன்று அமைந்தது. அன்று அது ஒட்டுப்போடும் வேலைதான். ஆனால் 1995-ல் மேயர் ரூடி ஜூலியானி நகரத்தின் ஒலி, ஒளிபரப்பு நிலையங்களை விற்கப்போவதாக அறிவித்தபோது, வாங்கிக்கொள்ள ஒரு கை தயாராக இருந்தது. தொலைக்காட்சி அலைவரிசை சுமார் 207 மில்லியன் டாலருக்கு வணிக நிறுவனங்களிடம் போனது. இரண்டு வானொலி உரிமங்களும் 20 மில்லியன் டாலருக்கு, ஆறு ஆண்டுத் தவணையில், அறக்கட்டளைக்குக் கிடைத்தன. சந்தை விலையோடு ஒப்பிட்டால் அது அடிமாட்டு விலை. 1997 ஜனவரியில் நிலையம் நகராட்சியிடமிருந்து விடுபட்டது.

ஜூலியானிக்குப் பத்திரிகைச் சுதந்திரத்தின் மீது தனிப் பாசம் இருந்ததாக யாரும் சொல்லமாட்டார்கள். செலவைக் கழற்றிவிட நினைத்தவர், தன்னையும் தனக்குப் பின்னால் வரும் மேயர்களையும் கேள்வி கேட்கும் நிலையத்தை உருவாக்கிவிட்டுப் போனார்.

விடுதலை ஆகியும் பல ஆண்டுகள் நகராட்சிக் கட்டடத்திலேயே குடியிருந்ததால், 2001 செப்டம்பர் 11 காலை நிலையம் சம்பவ இடத்துக்குச் சில தெருக்கள் தள்ளி இருந்தது. பண்பலைக் கோபுரம் உலக வர்த்தக மையத்தின் உச்சியில். கட்டடத்தோடு அதுவும் போனது. மத்திய அலை மட்டும் மிஞ்சியது. கட்டடத்தைக் காலி செய்யச் சொன்ன பிறகு, நகரின் நடுப்பகுதியில் தேசியப் பொது வானொலியின் அலுவலகத்துக்குப் போய் அங்கிருந்து பேசினார்கள். பின்னர் 2008-ல் வாரிக் தெருவில் சொந்த இடத்துக்கு மாறினார்கள்.

காசு எங்கிருந்து வருகிறது? பெரும்பகுதி நேயர்களிடமிருந்தும் அறக்கொடைகளிலிருந்தும் நிறுவன ஆதரவாளர்களிடமிருந்தும். ஆண்டில் சில முறை வழக்கமான நிகழ்ச்சியை நிறுத்தி நிறுத்தி, இப்போதே அழைத்து மாதம் இவ்வளவு கொடுங்கள் என்று கேட்பார்கள். கொடுத்தால் நிலையத்தின் பெயர் அச்சிட்ட துணிப்பை கிடைக்கும். சுரங்க ரயிலில் அந்தப் பையோடு நிற்பவரைப் பார்த்தால் அவர் எந்தப் பத்திரிகை படிப்பார், யாருக்கு வாக்களிப்பார் என்று ஊகித்துவிடலாம் என்று கேலி செய்வார்கள். கேலியில் உண்மை இருக்கிறது. கட்டணம் இல்லாமல் யாரும் கேட்கலாம் என்றாலும், படித்த, வசதியுள்ள, தாராளவாதப் போக்குள்ளவர்களின் வானொலி என்ற பெயர் அதற்கு உண்டு. ஒலிபரப்பு ஆங்கிலத்தில். குயின்ஸில் வங்காளமும் ஸ்பானிஷும் சீனமும் பேசி வாழும் லட்சக்கணக்கானவர்கள் அந்தக் காலைநேர உரையாடலில் விருந்தாளிகளாக வருவார்களே தவிர, வீட்டுக்காரர்களாக அல்ல. காலை பத்து மணிக்குத் தொலைபேசியில் காத்திருக்க முடிவது யாரால் என்பதும் கேட்க வேண்டிய கேள்விதான். டாக்சி ஓட்டுநர் வண்டிக்குள் கேட்கிறார். உணவக அடுக்களையில் நிற்பவருக்கு அது முடியாது.

மேயரிடமிருந்து விடுபட்ட நிலையம் தன் சொந்த நிர்வாகத்திடமிருந்தும் விடுபட்டிருக்கிறதா? 2017 டிசம்பரில் அதற்கும் சோதனை வந்தது. பணியிட நடத்தை தொடர்பான புகார்களால் மூத்த தொகுப்பாளர்கள் சிலர் வெளியேற்றப்பட்டார்கள். முன்பே ஏன் நடவடிக்கை இல்லை என்று நேயர்கள் கொதித்தார்கள். நிலையத்தின் தலைவர் லாரா வாக்கரைத் தன் நிகழ்ச்சிக்கே அழைத்து, சம்பளம் கொடுக்கும் முதலாளியை ஒலிபரப்பில் வைத்துக் கேள்வி கேட்டார் லெரர். நேயர்களும் கேட்டார்கள். கணினித் திரையில் ‘நிர்வாகம் வருந்துகிறது’ என்று நாலு வரி போட்டு முடித்திருக்கலாம். முடிக்கவில்லை. அது அந்த நிலையத்தின் நல்ல பக்கம். மோசமான பக்கம், 2023-லும் 2024-லும் நடந்த ஆட்குறைப்பு. நாடு முழுக்கக் கேட்கும் பாட்காஸ்ட்கள் வருமானம் கொட்டும் என்று நம்பிய காலம் முடிந்து, உள்ளூர்ச் செய்தியே உன் பலம் என்ற இடத்துக்கு நிர்வாகம் சுற்றி வந்து சேர்ந்தது. 2018-ல் மூடிக் கிடந்த கோதமிஸ்ட் என்ற நகரச் செய்தித்தளத்தை வாங்கி உயிர் கொடுத்தது இப்போது கைகொடுக்கிறது.

2025 ஜூலையில் அமெரிக்க நாடாளுமன்றம் பொது ஒலிபரப்புக்கென்று முன்பே ஒதுக்கிய 1.1 பில்லியன் டாலரைத் திரும்பப் பெற்றது. பணத்தைப் பகிர்ந்தளிக்க 1967-ம் ஆண்டுச் சட்டத்தால் உருவான கழகம் அடுத்த சில நாட்களிலேயே மூடுவிழாவுக்கு ஆயத்தமானது. நியூயார்க் நிலையம் தாங்கிக்கொள்ளும். அதன் வரவுசெலவில் மத்திய அரசின் பங்கு சிறியதாகவே இருந்தது, கொடுக்கக்கூடிய நேயர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். அலாஸ்கா, பழங்குடிப் பகுதிகள் போன்ற இடங்களில் உள்ள சிறு நிலையங்களுக்குத்தான் அடி பலமானது.

இதையெல்லாம் படிக்கிற சென்னைக்காரருக்கு ஒரு தகவல். நியூயார்க் நகராட்சி வானொலி தொடங்கிய அதே 1924 ஜூலையின் 31-ம் தேதி, சென்னை மாகாண வானொலி மன்றம் ஒலிபரப்பைத் தொடங்கியது. சி.வி. கிருஷ்ணசாமி செட்டியின் முயற்சி. இடைவெளி 23 நாள். பணமில்லாமல் மன்றம் 1927-ல் நின்றுபோக, கருவிகள் சென்னை மாநகராட்சியிடம் வந்தன. 1930 ஏப்ரல் 1 முதல் மாநகராட்சியே வானொலி நடத்தியது. மாலையில் இசை, மாநகராட்சிப் பள்ளிகளுக்குப் பாடம், ஞாயிறு காலையில் மேற்கத்திய இசைத்தட்டு. வீட்டில் வானொலிப் பெட்டி இல்லாதவர்களுக்காக மெரினாவிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி வைத்தார்கள். கடற்கரையில் காற்று வாங்க வந்தவர்கள் மணலில் உட்கார்ந்து கேட்டது ரிப்பன் கட்டடத்தின் வானொலியை. உலகத்தில் அன்று அப்படிச் சொந்த நிலையம் வைத்திருந்த மாநகராட்சிகள் சிலவே.

1938 ஜூன் 16-ல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் திறக்கப்பட்டதும் மாநகராட்சியின் வானொலி முடிவுக்கு வந்தது. புதிய நிலையம் சங்கீதத்துக்கும் தமிழுக்கும் செய்த தொண்டு பெரிது. 1977 ஜூலையில் நாட்டின் முதல் பண்பலை ஒலிபரப்பும் சென்னையில்தான். ஆனால் அதன் உரிமையாளர் தில்லியில் இருந்தார். நகரம் என்பது அதற்கு ஒலிபரப்பின் எல்லையாக இருந்ததே ஒழிய, பேசுபொருளாக ஆகவில்லை. நியூயார்க் நிலையம் மேயரிடமிருந்து நேயர்களுக்குப் போனது. சென்னையில் நகரத்தின் வானொலி நகரத்தைவிட்டே மேலே போய்விட்டது.

அலைக்கற்றை பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995-ல் தீர்ப்புச் சொன்ன பிறகு தனியார் பண்பலைகள் வந்தன. 2004-ல் அண்ணா பல்கலைக்கழகம் நாட்டின் முதல் வளாகச் சமூக வானொலியைத் தொடங்கியது. இவற்றுக்கெல்லாம் சொந்தச் செய்தி ஒலிபரப்ப உரிமை கிடையாது. தனியார் பண்பலை நிலையம் அகில இந்திய வானொலியின் செய்தியறிக்கையை ஒரு சொல் மாற்றாமல் அப்படியே மறுஒலிபரப்பலாம். 2011-ல் வந்த மூன்றாம் கட்டக் கொள்கை போக்குவரத்து, வானிலை, தேர்வு முடிவு, வேலைவாய்ப்பு போன்றவற்றைச் செய்தியல்லாதவை என்று பிரித்து அனுமதித்திருக்கிறது. மின்சாரம், குடிநீர், இயற்கைச் சீற்றம், சுகாதார எச்சரிக்கை ஆகிய நகர வசதிகள் குறித்தும் அறிவிக்கலாம். அதற்கு அந்தக் கொள்கை போட்டிருக்கும் நிபந்தனை, அந்த அறிவிப்பு உள்ளூர் நிர்வாகம் கொடுத்ததாக இருக்க வேண்டும் என்பது. குடிநீர் எப்போது வரும் என்று நிர்வாகம் சொல்வதை நிலையம் சொல்லலாம். ஏன் வரவில்லை என்று நிர்வாகத்திடம் கேட்டு, அதைச் செய்தியாக்க அதற்கு உரிமம் இல்லை. 1913 என்ற எண்ணை அழைத்து மாநகராட்சியிடம் நாம் புகார் சொல்லலாம். புகார் எண்ணும் கிடைக்கும். பக்கத்துத் தெருக்காரர் காதில் அது விழாது.